வால் இல்லாத கொடுவா

கடலை வாசலில் வைத்துக்கொண்ட ஓர் ஊரில், ஒரு தகரப் பெட்டிக்குள், ஒரு காகிதம் தன் முறைக்காகக் காத்துக் கிடந்தது.

அதற்குப் பிறந்த இடம் ஜப்பான். ஒருவகை மல்பெரி மரத்தின் பட்டையை அவித்து, அடித்து, அலசிச் செய்த காகிதம். ஊதினால் பறந்துவிடும் போல மெல்லிசு. ஆனால் நனைத்துப் போட்டாலும் லேசில் கிழியாது. அந்தப் பெருமை அதற்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

கப்பலில் வேலை பார்க்கும் ரொசாரியோ என்பவன்தான் அதைச் சுருளாக வாங்கி வந்தான். ஜப்பானில் ஏதோ ஒரு துறைமுகத்தில், தூண்டில் விற்கிற கடையின் சுவர் முழுக்க மீன்கள் தொங்கினவாம். வரைந்த மீன்கள் இல்லை. பிடித்த மீனின் மேலேயே மையைப் பூசி, அதன் மேல் காகிதத்தைப் போர்த்தி, விரலால் நீவி நீவி ஒற்றி எடுத்தவை. 'நான் பிடித்தது இம்மாம் பெரிது' என்று அங்கே எவரும் இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. மீனே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும். அப்புறம் மையைக் கழுவிவிட்டு அதே மீனைக் குழம்பும் வைத்துக்கொள்ளலாம்.

ரொசாரியோ காகிதத்தைக் கொண்டுவந்து போட்டதோடு சரி. லீவு முடிந்ததும் கப்பல் ஏறிவிட்டான். அவன் மனைவி புளோராதான் அந்த வித்தையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். முதலில் எல்லாம் ஒரே கூத்து. மீனின் வழுவழுப்பைத் துடைக்காமல் மை பூசினாள், மை திரைந்துபோயிற்று. துடைத்துவிட்டுப் பூசினாள், ஆனால் அள்ளிப் பூசினாள். ஒற்றி எடுத்தால் மீனா மிதிபட்ட செருப்பா என்று தெரியவில்லை. மையைக் குறைக்கக் குறைக்கத்தான் செதில் தெரியும் என்று அவள் கண்டுபிடிப்பதற்குள் சுருளில் முக்கால்வாசி அடுப்பெரிக்கப் போய்விட்டது. தேறியவை இரண்டே இரண்டு. ஒரு பாறைமீனும் ஒரு விளமீனும் அவள் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கின. பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

இப்போது சுருளில் மிச்சம் இருந்தது ஒரே தாள். நம் காகிதம்தான் அது. தன் கூடப்பிறந்தவை எல்லாம் எங்கே போயின என்று அதற்கு நன்றாகத் தெரியும். ஒரு தாளுக்கு ஒரு மீன்தான், ஒரு தடவைதான். நன்றாக வந்தால் சுவர், கெட்டுப்போனால் அடுப்பு.

"சுவரா, அடுப்பா?" என்று அது ராப்பகலாகப் புலம்பியது. பெட்டியில் கூட இருந்தவர்களுக்குக் காது புளித்துப்போயிற்று.

"என்னிடம் விட்டுவிடு," என்றது தூரிகை. "ஒரு பூச்சோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று திருத்திக்கொண்டே இருப்பேன். சுவரில் இருக்கிற பாறையைப் பார்த்தாயே, அது என் கைவேலை."

"துடுப்பை விரித்துப் பிடித்தது யாராம்?" என்று குண்டூசிகள் ஒரே குரலில் சண்டைக்கு வந்தன. "நாங்கள் குத்தி நிறுத்தவில்லை என்றால் பாறையாவது கூரையாவது!"

கணவாய் மீனின் மை மட்டும் சின்ன மருந்துச் சீசாவுக்குள் சும்மா இருந்தது. ரொசாரியோ வாங்கி வந்த மைக்கட்டி கரைந்து தீர்ந்தபிறகு, கணவாய் ஆயும்போது மைப்பையைக் கிழியாமல் எடுத்துச் சேர்த்து வைப்பது புளோராவின் வழக்கமாகிவிட்டது. பெட்டியில் கடலில் பிறந்தது அது ஒன்றுதான்.

"உனக்குச் சுவரில் ஏற ஆசை இல்லையா?" என்று காகிதம் அதைக் கேட்டது.

"நான் எதற்குப் பிறந்தேன் என்று தெரியுமா உனக்கு?" என்றது மை. "பெரிய மீன் துரத்தும்போது கணவாய் என்னைக் கக்கும். துரத்துகிறவன் என்னைப் பார்த்துப் பாய்வான். அதற்குள் கணவாய் வேறு பக்கம் போயிருக்கும். ஓர் உயிர் தப்பிப் போக வேண்டும், அதற்குத்தான் நான். சுவரில் போய் உட்காருவது எனக்குப் புது வேலை. பார்க்கலாம்."

காகிதத்துக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. தப்பிப் போவதில் என்ன பெருமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டது.

புளோராவுக்கு ஓர் அண்ணன், பெயர் கஸ்பார். தூண்டில்காரர். வலைக்குப் போகாமல் தனி வள்ளத்தில் கயிறும் தூண்டிலுமாகப் போய் வருகிறவர். அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. சினை மீன் மாட்டினால் தூண்டிலைக் கழற்றித் திரும்பக் கடலில் விட்டுவிடுவார். "வயித்துப்புள்ளக்காரிய எப்படி அறுக்க?" என்பார். அதற்கு மேல் அவரிடம் நியாயம் பேச முடியாது.

இதில் சிக்கல் என்னவென்றால், பெரிய பெரிய மீனாக மாட்டுவதெல்லாம் சினையாகவே இருந்து தொலைத்தது. கரைக்கு வெறும் கையோடு வருவார். டீக்கடையில் உட்கார்ந்து, "இன்னைக்கு ஒரு கொடுவா மாட்டிச்சு பாரு, என் இடுப்பு உயரம். சினையா இருந்துச்சு, விட்டுட்டேன்," என்பார். கடையே கொல்லென்று சிரிக்கும். விட்டுட்டேன் கஸ்பார் என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். வைத்தது தொம்மை என்கிற வலைக்காரர், கஸ்பாருக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. கூட்டாளி வைத்த பெயர் என்பதால் அது நன்றாக ஒட்டிக்கொண்டது.

கஸ்பாரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போகிறவரைப் பார்த்துப் புளோராவுக்கு வயிறு எரியும். பொய் சொல்லத் தெரியாத மனிதனுக்குப் புளுகன் என்று பெயர் வந்தால் அது சாதாரண வலியா?

ஒருநாள் அவள் சொன்னாள்: "அண்ணே, அடுத்த தடவ நடுக்கடல்ல விடாதீங்க. தண்ணியில போட்டு உயிரோட கரைக்குக் கொண்டுவாங்க. நான் ஒரு ஒத்து ஒத்தி எடுத்துக்கிடுதேன். அப்புறம் விட்டுருவோம். சுவத்துல தொங்கட்டும். எவன் சிரிக்கான்னு பாப்போம்."

"உயிரோட இருக்க மீன்லயா? அது நிக்குமா ஏட்டி?"

"வெரசா முடிச்சிருவேன். நீங்க கொண்டாங்க."

பெட்டிக்குள் காகிதம் துள்ளிக் குதித்தது. இடுப்பு உயரக் கொடுவா! பாறையும் விளமீனும் அதன் பக்கத்தில் பொடிமீன். இனித் தனக்கு அடுப்புப் பயம் இல்லை என்று அது முடிவே கட்டிவிட்டது.

அந்தக் காலையும் வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் கஸ்பாரின் வள்ளம் கரையைத் தொட்டது. அவர் இறங்கவில்லை. உள்ளேயிருந்தே கத்தினார்.

"ஏட்டி புளோரா! பெட்டிய எடுத்துட்டு ஓடியா! தேவதை மாதிரி ஒருத்திய கொண்டாந்துருக்கேன்!"

வள்ளத்தின் அடியறையில் கடல்தண்ணீரை நிரப்பி, அதில் ஈரச்சாக்கைப் போர்த்திக் கொண்டுவந்திருந்தார். சாக்கை விலக்கினார். புளோரா குனிந்து பார்த்தாள். அப்படி ஒரு கொடுவாவை அவளும் பார்த்ததில்லை. முதுகு பச்சையும் சாம்பலுமாகக் கறுத்து, விலாவில் வெள்ளி இறங்கி, வயிறு சினையால் பருத்துப் பக்கவாட்டில் தள்ளியிருந்தது. மேலுதட்டில் ஒரு பழைய தூண்டில் தழும்பு. முதுகுத் துடுப்புக்குக் கீழே, எந்தக் காலத்திலோ ஏதோ கடித்துச் செதில் போய், வேறு செதில் சின்னதாக முளைத்திருந்தது. இத்தனையையும் தாண்டி வந்து அது அமைதியாக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

கரையிலேயே பலகையைப் போட்டு அதன் மேல் நனைத்த சாக்கை விரித்தார்கள். கஸ்பார் மீனை இரண்டு கையாலும் ஏந்தி வந்து கிடத்தினார். புளோரா துடுப்புகளுக்கு அடியில் ஈர மணலைக் குவித்து விரித்து வைத்தாள்.

"நாங்கள் எதற்கு இருக்கிறோம்?" என்றன குண்டூசிகள்.

புளோரா அவற்றைத் தொடவே இல்லை. "உசிரு மேல ஊசியா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு டப்பியை மூடி வைத்தாள். அன்று முழுக்கக் குண்டூசிகள் யாரோடும் பேசவில்லை.

மேல்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் பதமாக ஒற்றினாள். கண்ணுக்கு ஒரு துண்டு ஈரத்துணியை வைத்தாள். கண்ணில் மை படக்கூடாது. அந்த இடம் காகிதத்தில் வெறுமையாகத்தான் விழும், பிறகு கையால் எழுத வேண்டும். கஸ்பார் சிரட்டையில் கடல்தண்ணீரை மொண்டு செவுளில் ஊற்றினார். தூரிகை மையைத் தொட்டுக்கொண்டு இறங்கியது.

முதல் பூச்சு தலையிலிருந்து வால் வரைக்கும் ஓடி முடிந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

"தோள்பக்கம் வெளுத்துக் கிடக்கிறது," என்றது தூரிகை. "இன்னும் ஒரே ஒரு தடவை."

புளோராவின் கையும் அதையேதான் நினைத்தது. இன்னொரு தடவை பூசினாள்.

"வாலுக்கு நல்லாப் பூசு ஏட்டி," என்றார் கஸ்பார், சிரட்டையை மறந்துவிட்டு. "வாலுதான் முக்கியம். தல முதக்கொண்டு வால் நுனி வரைக்கும் விழுந்தாத்தான் அந்தத் தொம்மை வாய அடைக்க முடியும். வால் இல்லன்னா நீளம் ஏது?"

வாலுக்கும் இன்னொரு பூச்சு நடந்தது. ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மீனின் மூச்சை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை.

கடைசியில் காகிதம் மீன்மேல் இறங்கியது.

அதுவரைக்கும் அது மீனைக் கனவில்தான் பார்த்திருந்தது. இப்போது ஒவ்வொரு செதிலும் அதன் உடம்பில் வந்து பதிந்தது. ஒவ்வொன்றிலும் மெல்லிய வளையங்கள். ஒன்றன் விளிம்பில் ஒன்று ஏறி, ஓரிடத்தில்கூடப் பிசகாமல், தலையிலிருந்து பின்னோக்கி அடுக்கி வைத்தது யாராக இருக்கும்? விலாவின் நடுவே வளைந்து ஓடிய கோட்டை அது தொட்டது. தண்ணீரின் அசைவையெல்லாம் அந்தக் கோட்டால்தான் கொடுவா கேட்கும். எவ்வளவு பெரிய வேலைப்பாடு! காகிதத்துக்கு அழுகையே வந்துவிட்டது. தான் வெறும் மரப்பட்டை என்பதை முதல் தடவையாக ஒப்புக்கொண்டது.

"யார் நீ?" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "அலையும் இல்லை, பாசியும் இல்லை. என் மேலே வந்து படுத்திருக்கிறாயே?"

"நான் காகிதம். உன்னை எழுதிக்கொள்ள வந்திருக்கிறேன். கொஞ்சம் அசையாமல் இரு. உன்னைச் சுவரில் மாட்டுவார்கள்."

"சுவர் என்றால்?"

காகிதம் யோசித்தது. "தண்ணீர் இல்லாத இடம். அங்கே எதுவும் நகராது. எல்லாரும் வந்து பார்ப்பார்கள்."

"ஐயோ பாவம்," என்றது கொடுவா. "அங்கே போகவா இவ்வளவு ஆசைப்படுகிறாய்?"

மேலே புளோராவின் விரல்கள் நீவிக்கொண்டே வந்தன. தலை முடிந்தது. முதுகு முடிந்தது. வயிற்றுக்கு வந்தபோது விரல்கள் தாமாகவே மெதுவாயின. அப்போதுதான் காகிதம் ஒன்றை உணர்ந்தது. தன் தலைப்பக்கத்துக்கு அடியில் செவுள்மூடி எழும்பப் பார்க்கிறது, எழும்ப முடியவில்லை. நனைந்து ஒட்டிக்கொண்ட தானேதான் அதை அழுத்திக்கொண்டிருப்பது.

"எனக்கு மூச்சு முட்டுகிறது," என்றது கொடுவா. குரலில் சண்டை இல்லை. "என் ஒருத்திக்கு என்றால் பொறுத்துக்கொள்வேன். வயிற்றில் ஓர் ஊரே இருக்கிறது."

காகிதம் மேலே பார்த்தது. புளோராவின் கண் விரலில் இருந்தது. கஸ்பாரின் கண் வாலில் இருந்தது. செவுளைத்தான் காகிதம் மூடிக்கொண்டிருக்கிறதே, அவர்களுக்கு எப்படித் தெரியும்? மீன் நிம்மதியாக ஒத்துழைக்கிறது என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரையில் இந்த விஷயம் தெரிந்தது காகிதத்துக்கு மட்டும்தான்.

"இன்னும் வால் ஒன்றுதானே பாக்கி," என்றது காகிதம். "கொஞ்சம் தாங்கிக்கொள்ள மாட்டாயா? நான் இப்போது எழும்பினால் படம் அரைகுறை. அரைகுறையை அடுப்பில்தான் வைப்பார்கள். என் கூடப்பிறந்தவர்கள் எரிந்ததை நான் பார்த்திருக்கிறேன்."

செவுள்மூடி மறுபடி எழும்பப் பார்த்தது. இந்தத் தடவை முன்பைவிட மெதுவாக.

"மையே, நீயாவது சொல்லேன்," என்று காகிதம் கெஞ்சியது. "நான் என்ன செய்ய?"

"என்னைக் கேட்காதே," என்றது மை. "கேட்டால் நான் பிறந்ததிலிருந்து தெரிந்த ஒன்றைத்தான் சொல்வேன்."

கடல் பக்கமிருந்து காற்று வந்தது. காகிதம் ஒட்டிக்கொள்ளப் பிறந்தது. அதன் திறமையெல்லாம் அதில்தான் இருக்கிறது. விடுவதற்கு அதற்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் தன் தலைப்பக்கத்து மூலையை அது காற்றின் கையில் கொடுத்தது. இழுத்துக்கொள், என்றது.

காற்று இழுத்தது. மூலை விட்டது, தலை விட்டது, செவுள் விட்டது. இவ்வளவு நேரம் அமுங்கிக் கிடந்த செவுள்மூடி பட்டென்று திறந்து காகிதத்தில் இன்னொரு தடவை இடித்தது. முதலில் விழுந்த கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு விழுந்தது.

"அய்யோ, அண்ணே!" என்று புளோரா பதறினாள். "செவுள மூடிட்டமே! மூச்சு முட்டுதுண்ணே அதுக்கு!"

கஸ்பார் குனிந்து பார்த்தார். உள்ளே சிவப்பு மங்கிக்கொண்டு வந்தது. அவருடைய கை வாலின் அடியைப் பிடித்திருந்தது. மை பூசிய வால், அகல விரித்து, ஒற்றுவதற்குத் தயாராகப் பலகையில் கிடந்தது. ஒரே நீவல் போதும்.

"வாலு ஒண்ணுதான் பாக்கி, ஏட்டி," என்றார்.

புளோரா காகிதத்தின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். அது அண்ணன் சொல்ல வேண்டிய சொல் என்று இருந்துவிட்டாள். டீக்கடை, சிரிப்பு, தள்ளி வைத்த சோற்றுத்தட்டு எல்லாம் அவர் முகத்தில் வந்து போவது தெரிந்தது.

"மயிராப் போச்சு வாலு," என்றார் கஸ்பார். "எடு காயிதத்த!"

புளோரா உரித்தாள். அதே நேரம் கொடுவா தன்னிடம் மிச்சம் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து வாலை ஒரு விளாசு விளாசியது. காகிதத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த அடி விழுந்தது. மை இழுபட்டு, விசிறிப்போய், விளிம்பைத் தாண்டித் தெறித்தது. கஸ்பார் மீனை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் ஓடினார். சட்டை, வேட்டி எதையும் பார்க்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, அலைக்கு எதிராக அதன் வாயைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். செவுளுக்குள் தண்ணீர் போய் வந்தது. போய் வந்தது. அப்புறம் அவர் கை சும்மா இருந்தது.

"போயிட்டா!" என்று கத்தினார். "போயிட்டா ஏட்டி!"

கொடுவா போன வழியில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு கறுப்பு இழை தண்ணீரில் நீண்டு, பிரிந்து, கரைந்தது. மை தன் பிறவி வேலைக்குத் திரும்பிப் போய்விட்டது.

காகிதம் மணலில் கிடந்தது. நான்கு மூலையிலும் நான்கு சிப்பியை வைத்துக் காயப் போட்டிருந்தார்கள். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள அதற்குத் தைரியம் வரவில்லை. வால் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இழுப்பு, ஒரு தெறிப்பு. செவுளில் இரண்டு கோடு. சுவரில் தொங்குகிற பாறையும் விளமீனும் இதைப் பார்த்தால் என்ன நினைக்கும்? அடுப்புதான், என்று அது நினைத்தது. நினைத்துவிட்டு, ஆச்சரியம், அவ்வளவு பயம் வரவில்லை. ஓர் ஊரே கடலுக்குள் போயிருக்கிறது என்பது மட்டும் அதற்கு நினைவில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் கஸ்பார் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "அத அடுப்புல போட்டுரு. வாலில்லாத மீன காட்டுனா இன்னும் நல்லாச் சிரிப்பானுவ."

"கண்ணு மட்டும் வச்சிருதேன்," என்றாள் புளோரா. "கண்ணில்லாமப் போட மனசு வரல."

தூரிகையை எடுத்தாள். வெறுமையாக விழுந்திருந்த கண் வட்டத்துக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு ஒரே தொடுதல். கண் விழித்துக்கொண்டது. இன்னும் ஒரு தடவை என்று தூரிகை கேட்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தொம்மைதான். கஸ்பார் சட்டையோடு கடலில் விழுந்து எதையோ கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற கதை அதற்குள் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சும்மா இருக்க முடியுமா அவரால்? சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு வந்தார்.

"ஏல விட்டுட்டேன் கஸ்பாரு! இன்னைக்கு எத்தன முழம்?"

கஸ்பார் தலையைத் திருப்பிக்கொண்டார். தொம்மையின் பார்வை தரையில் விரித்திருந்த காகிதத்தில் விழுந்தது.

"ஓகோ, படமா?" என்று குனிந்தார். "கொடுவா. பெருசுதான். வயிறு... சினதான், இல்லங்கல." அவர் முகம் மாறியது. "அடப்பாவி. அப்பம் கொன்னுதான போட்டுருக்க? சின மீன அறுக்க மாட்டேன், அறுக்க மாட்டேன்னு ஊருக்கெல்லாம் பேசுனியே, படத்துக்காகக் கொன்னுட்டியா? தங்கச்சி, நீயுமா இதுக்குக் கூட்டு?"

புளோரா வாயெடுக்கப் போனாள். கஸ்பார் கையைக் காட்டி நிறுத்தினார். இத்தனை வருடம் சொல்லியே நம்பாதவனிடம் இனி என்ன சொல்ல இருக்கிறது?

தொம்மை இன்னும் குனிந்திருந்தார். ஆயிரக்கணக்கான மீனைக் கையால் தொட்ட மனிதர். அவருக்குப் படம் பார்க்கத் தெரியாது. மீன் பார்க்கத் தெரியும். சுவரில் இருந்த பாறையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். விளமீனைப் பார்த்தார். கோடு பிசகாமல், அச்சு அசலாக, அடங்கிக் கிடந்தன இரண்டும். செத்த மீன் அப்படித்தான் கிடக்கும். மறுபடி தரையைப் பார்த்தார்.

"செவுளு ரெண்டா விழுந்துருக்கே," என்றார் மெதுவாக.

அவர் முழங்காலிட்டு உட்கார்ந்தார். காகிதத்தின் மேல் படாமல், ஒரு விரலைக் காற்றிலேயே வைத்து, தலையிலிருந்து தொடங்கினார். உதட்டுத் தழும்பு. திறந்து மூடிய செவுள். முதுகு. பருத்த வயிறு. விரல் பின்பக்கம் போகப் போக மெதுவாயிற்று. வால் தொடங்க வேண்டிய இடத்தில், மை இழுபட்டு விசிறிப் பறந்திருந்த இடத்தில், நின்றுவிட்டது. தெறித்த துளிகளின் போக்கைப் பார்த்தார். காகிதத்தின் விளிம்பைத் தாண்டி அவை போன திசையைப் பார்த்தார்.

காகிதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

"ஏல கஸ்பாரு," என்றார் தொம்மை. குரலில் இருந்த சிரிப்பு எங்கோ போய்விட்டது. "வாலு எங்கல?"

"வாலு கடல்ல இருக்கு தொம்மை," என்றார் கஸ்பார்.